சொந்த ஊர்க் கட்டம்

ஆசீர்வாதத்துக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் ஆகாது.

அவர் பஹ்ரைனில், கப்பல்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். கம்பி, கயிறு, பெயிண்ட், திருகாணி என்று எது வந்தாலும் பெரிய நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைப்பார். என்ன பொருள், எப்போது வந்தது, எந்த அலமாரி. மூன்று கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வீட்டிலும் இதே கதைதான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பால், முட்டை, தோசை மாவு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்.

"ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு வந்து மாவும் அரைக்கேன். அதுக்கு டிக் வேற அடிக்கணுமாக்கும்?" என்று அம்மா ஜோதிமணி சத்தம் போடுவார். சத்தம் போட்டுவிட்டு டிக் அடிப்பார். நர்ஸ் அல்லவா, அவருக்கும் கொஞ்சம் கட்டம் பழக்கம்தான்.

இவர்களுக்கு ஒரே மகள், எப்சிபா. எப்சி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இந்தியப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிய இன்னும் பன்னிரண்டே நாள்தான் பாக்கி இருந்த ஒரு வெள்ளிக்கிழமையில் இந்தக் கதை தொடங்குகிறது. வருடம் 1995.

பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகையால் மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆராதனை இங்கே வெள்ளிக்கிழமை நடக்கும். சண்டே ஸ்கூலும் வெள்ளிக்கிழமைதான். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

மனாமாவில் அவர்கள் போகும் சர்ச்சில் இருப்பது ஒரே ஒரு ஹால். காலையில் தமிழ்க்காரர்கள் பாடுவார்கள். அடுத்து மலையாளம், அதற்கடுத்து உருது. மாலை ஆறு மணிக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் கிட்டாரோடு வாசலில் வந்து நிற்பார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் கதவைத் தட்டுவார்கள். சிரித்துக்கொண்டே தட்டுவார்கள், ஆனால் தட்டுவார்கள்.

நடுவில் நான்கிலிருந்து ஆறு வரை அந்த ஹால் பெரிய பிள்ளைகளுக்கு. அமெரிக்கக் கடற்படையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை. டேபிள் டென்னிஸ் ஆடுவார்கள், பாடுவார்கள், பைபிளில் ஒரு பகுதியைப் படித்துப் பேசுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள். இதை ஆரம்பித்தவர் ஹாரிஸ் என்ற கடற்படைக்காரர்.

ஆசீர்வாதம் முதலில் அங்கே போனது நாற்காலிகளைத் திருப்பிப் போடுவதற்குத்தான். "நீங்களும் இருங்களேன்" என்றார் ஹாரிஸ். இல்லை என்று சொல்ல ஆசீர்வாதத்துக்கு வராது. இருந்தார். இரண்டு வருடமாக வெள்ளிதோறும் இருக்கிறார். சம்பளம் கிடையாது. பிஸ்கட் வாங்குவதும் பந்து பொறுக்குவதும் அவர் வேலை. எப்சியும் கூடவே போவாள், அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையும் டூட்டி இருக்கும் என்பதால். அவள் கணக்கில் சேராத ஆள். பன்னிரண்டு முடிந்தால்தான் சேர முடியும்.

போன மாதம் ஹாரிஸுக்குக் கப்பலில் போக உத்தரவு வந்துவிட்டது. மூன்று மாதம் கடல்மேல் இருக்க வேண்டும்.

"நான் வரும்வரை நீங்கள்தான் இவர்களுக்குத் தலைவர்" என்று ஆசீர்வாதத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

தலைவரானதும் ஆசீர்வாதம் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஒரு ரெஜிஸ்டர் வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பெயர், வயது, பள்ளி, சொந்த ஊர். எட்டுப் பிள்ளைகளையும் எழுப்பி நிற்கவைத்து, கேட்டுக் கேட்டுப் பென்சிலால் எழுதினார். டெக்சாஸ், ஒஹாயோ, ஃபுளோரிடா என்று ஊர்க் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. அன்றிரவு அவர் இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

அன்று ஒரு புதுப் பையன் வந்தான். உயரமாக, ஒல்லியாக, பதின்மூன்று வயதில். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்து நில், தம்பி" என்றார் ஆசீர்வாதம். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். நமக்காகத் தமிழில் சொல்கிறேன். "உன் பெயர்?"

"டெரிக்."

"வயது?"

"பதின்மூன்று." பள்ளியின் பெயரையும் சொன்னான்.

"சொந்த ஊர்?"

டெரிக் மறுபடியும் ஷூவைப் பார்த்தான்.

"சொந்த ஊர், தம்பி. எந்த ஊர்க்காரன் நீ?"

"எனக்கு ஊர் இல்லை சார்."

யாரோ சிரித்தார்கள்.

"அப்படியெல்லாம் இருக்காது. எல்லாருக்கும் ஊர் உண்டு" என்றார் ஆசீர்வாதம் அன்பாக. "நீ பிறந்தது எங்கே?"

"ஜப்பான்."

இப்போது எட்டுப் பேருமே சிரித்தார்கள். டெரிக்கின் காதுகள் சிவந்தன.

"சரி, வளர்ந்தது?"

"இத்தாலி. அப்புறம் குவாம் தீவு. அப்புறம் அமெரிக்காவில் மூன்று இடங்கள்."

"உன் அப்பாவுக்கு எந்த ஊர்?"

"தாத்தாவும் கடற்படை சார். அப்பாவும் என்னைப் போலத்தான்."

ஆசீர்வாதத்தின் பென்சில் கட்டத்தின்மேல் அந்தரத்தில் நின்றது. அவருக்கு இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. பதினான்கு வருடத்துக்கு முன், பஹ்ரைனில் கால் வைத்த முதல் வெள்ளிக்கிழமை, தமிழ் ஆராதனையில் அவரை எழுப்பி நிறுத்தி இதையே கேட்டார்கள். "சாயர்புரம்" என்றார். அவ்வளவுதான். "ஏ, சாயர்புரமா! எங்க அத்தையைக் கட்டிக் குடுத்தது அங்கதாம்யா!" என்று ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் மீன்குழம்பும், தங்க ஒரு ரூமும் கிடைத்துவிட்டன. ஊரைச் சொன்னால் உறவு வரும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட பாடம். இந்தப் பையனுக்கும் அப்படி ஓர் உறவு கிடைக்கட்டும் என்றுதான் விடாமல் கேட்டார்.

"நன்றாக யோசித்துச் சொல், தம்பி. அவசரமில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்."

ஒன்பது ஜோடிக் கண்கள் காத்திருந்தன. டெரிக் யோசிக்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவன் வரவில்லை.

அன்று டேபிள் டென்னிஸ் பந்து மேடைக்கு அடியில் உருண்டுபோனது. எடுக்கப் போன எப்சியோடு ட்ரேஸியும் குனிந்தாள். ட்ரேஸிக்குப் பதினைந்து வயது. அந்த ஹாலில் சத்தமான குரல் அவளுடையதுதான்.

"அந்தப் புதுப் பையனுக்கு விவரமே போதாது" என்றாள் ட்ரேஸி. "வாயில் வந்த ஒரு ஊரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே?"

"வாயில் வந்ததையா?"

"பின்னே? நான் டெக்சாஸ் என்று சொன்னேன். டெக்சாஸுக்கு நான் போனதே இல்லை. அந்த ஊர்த் தொப்பி எனக்குப் பிடிக்கும்."

"அப்படியானால் ஒஹாயோ?"

"அவன் அங்கே ஒரு வருடம் இருந்தான். மூன்று வயதில். மற்றவர்களும் இப்படித்தான்." ட்ரேஸி பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். "இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாங்கள் வீடு மாறுகிறோம். போகிற இடமெல்லாம் எந்த ஊர், எந்த ஊர் என்றே கேட்கிறார்கள். நீளமாகச் சொன்னால் பாவம் என்று பார்ப்பார்கள். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார்கள். உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, பாவம்."

எப்சி திரும்பி ரெஜிஸ்டரைப் பார்த்தாள். அப்பாவின் முத்து முத்தான எழுத்தில் எட்டு ஊர்கள் பளிச்சென்று இருந்தன. எட்டும் எட்டுப் புளுகு. உண்மை சொன்னவன் ஒரே ஒருவன்தான், அவனுடைய கட்டம்தான் காலி.

அன்றிரவு ஆசீர்வாதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் என்ன கேக்கக்கூடாததையா கேட்டுட்டேன்?" என்றார் மனைவியிடம். "ஊரைத்தான கேட்டேன்?"

"நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கலை. அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார் ஜோதிமணி. "இன்னொரு கரண்டி போடட்டுமா?"

"வேண்டாம். ஜோதி, ஹாரிஸ் என்னை நம்பிப் பிள்ளைகளை விட்டுட்டுப் போயிருக்காரு. ஒரு மாசத்துல ஒரு பிள்ளையை வெரட்டிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமையும் அந்தப் பையன் வரலேன்னா, சர்ச் ஐயர்கிட்ட சொல்லி விலகிக்கிடப் போறேன்."

"விலகினா கூட்டத்தை யாரு நடத்துவா?"

"யாரும் இல்லேன்னா ஹாரிஸ் வர்றவரைக்கும் பூட்டிப் போட வேண்டியதுதான். பிள்ளைகளை வெரட்டுத ஆளு இருக்கதைவிட அது மேலு."

எப்சி தன் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அப்பா பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வெள்ளிக்கிழமை காரில் ஏறும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரெஜிஸ்டர் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ட்ரேஸி சொல்லாதே என்றிருக்கிறாள். அதோடு, எட்டுக் கட்டமும் பொய் என்று தெரிந்தால் அப்பா சோறு என்ன, தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பால் வாங்க எப்சி கீழே போனாள். அவர்கள் கட்டடத்தின் அடியிலேயே ஒரு மளிகைக்கடை. பஹ்ரைனில் அதற்குக் கோல்ட் ஸ்டோர் என்று பெயர். கடைக்காரர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர்.

கடைக்குள்ளே, ஜூஸ் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் டெரிக் நின்றுகொண்டிருந்தான்!

"எதிர் பில்டிங்குக்குப் புதுசா வந்திருக்க புள்ளை" என்றார் கலீல். "பத்து நாளா வருது. வாயே தொறக்க மாட்டேங்குது. எந்த ஊருன்னு கேட்டேன், உர்ருன்னு பாத்துட்டுப் போயிருச்சு. நீ இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லும்மா, எந்த ஊராம்?"

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா!" என்றாள் எப்சி.

கலீல் ஒன்றும் புரியாமல் பால் பாக்கெட்டை நீட்டினார்.

எப்சி டெரிக்கின் அருகில் போனாள். "நான் எப்சி. ஹாலில் ரெஜிஸ்டர் வைத்திருந்தாரே, அவர் என் அப்பா."

"தெரியும்" என்றான் டெரிக். "நீ சிரிக்கவில்லை. பார்த்தேன்."

"அப்பா உன்னைக் கேலி செய்யவில்லை. எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்."

"எல்லா நாட்டிலும் கேட்கிறார்கள்" என்றான் டெரிக். "நான் உண்மையைச் சொல்வேன். நம்ப மாட்டார்கள். இன்னும் யோசி என்பார்கள். உட்கார்ந்து யோசித்தால் ஊர் வந்துவிடுமா?"

எப்சிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு விஷயம் உறைத்தது. "என்னிடமும் கேட்பார்கள். நான் சாயர்புரம் என்று சொல்வேன்."

"அது எங்கே?"

"இந்தியாவில், தூத்துக்குடிக்குப் பக்கம். நான் பிறந்தது இங்கே. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் அங்கே போவோம், ஒரு மாதம் இருப்போம். அங்கே என்னை 'பஹ்ரைன்காரி வந்துட்டா' என்பார்கள். இங்கே வந்தால் இந்தியா என்பார்கள். சாயர்புரத்தில் யார் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன்."

"அப்படியானால் நீயும் பொய்தான் சொல்கிறாய்."

எப்சிக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை.

"புதன்கிழமை எனக்குப் பன்னிரண்டு முடிகிறது" என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் சேரப் போகிறேன். அப்பா என்னையும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார். மகள் என்றெல்லாம் விட மாட்டார். நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன். ஆனால் பயமாக இருக்கிறது."

"ஏன்?"

"அப்பாவுக்குச் சாயர்புரம் என்றால் உயிர். எனக்கும் அதுதான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்." எப்சி பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நீ வருகிறாயா? நீ எழுந்து நிற்க வேண்டாம், பேச வேண்டாம். கதவோரம் நின்றால் போதும். இந்தக் கஷ்டம் என்னவென்று தெரிந்த ஒரு ஆள் அங்கே இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்."

டெரிக் பெட்டியைத் திறந்து ஒரு ஜூஸை எடுத்தான்.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மாம்பழ ஜூஸோடு போய்விட்டான். பார்க்கலாம் என்றால் வருவேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், வர மாட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி நான்கு ஆனது. எட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். டெரிக் வரவில்லை.

ஆசீர்வாதம் இரண்டு முறை கதவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ரெஜிஸ்டரைத் திறந்தார். "இன்றைக்கு ஒரு புது உறுப்பினர்" என்றார். "எழுந்து நில், அம்மா."

எல்லாரும் கை தட்டினார்கள். எப்சி எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பெயர்?"

"உங்களுக்குத் தெரியாதா அப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆசீர்வாதமும் சிரிக்கப் பார்த்தார். "ரெஜிஸ்டருக்குத் தெரியாதே. பெயர்?"

"எப்சிபா."

"வயது?"

"பன்னிரண்டு முடிந்து இரண்டு நாள்."

"பள்ளி?"

"இந்தியப் பள்ளி."

"சொந்த ஊர்..." ஆசீர்வாதம் கேட்டு முடிப்பதற்குள்ளேயே பென்சில் 'சா' என்று எழுதத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு கிரீச்சென்றது. ஒரு ஜாண் அளவுக்குத் திறந்தது. இடைவெளியில் ஒரு ஒல்லியான தோளும் ஒரு காதும் தெரிந்தன.

எப்சி மூச்சை இழுத்துக்கொண்டாள். "தெரியாது அப்பா."

பென்சில் நின்றது. "என்ன தெரியாது?"

"எனக்கு எது சொந்த ஊர் என்று இன்னும் தெரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்."

ஆசீர்வாதம் ஆங்கிலத்தை மறந்துவிட்டார்.

"ஏட்டி, என்ன சொல்லுத? சாயர்புரம்லா நம்ம ஊரு?"

"உங்க ஊருப்பா. எனக்குப் பிடிக்கும். ஆனா நான் அங்க மொத்தமே அஞ்சு மாசம்தான் இருந்திருக்கேன். யாரு கேட்டாலும் சாயர்புரம்னு சொல்லிருவேன், நீங்க சந்தோசப்படுவீங்கன்னு. நெசமாச் சொல்லணும்னா, தெரியலைப்பா."

அப்பாவின் முகம் விழுந்ததை எப்சி பார்த்தாள். அதைப் பார்க்க வேண்டி வரும் என்று அவளுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் அழுகை வந்தது. அழாமல் நின்றாள். பிறகு மற்றவர்களுக்காக, சொன்னதையெல்லாம் ஆங்கிலத்திலும் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாற்காலி நகர்ந்தது. ட்ரேஸி எழுந்தாள்.

"சார்" என்றாள். அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. "என் டெக்சாஸை அழித்துவிடுகிறீர்களா? நான் அங்கே போனதே இல்லை."

"போனதே இல்லையா?"

"மன்னித்துவிடுங்கள் சார்."

"என் ஒஹாயோவையும்" என்றான் இன்னொருவன். "ஃபுளோரிடா என் அத்தையின் ஊர்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். ஒவ்வொருவராக எழுந்தார்கள். இந்த முறை யாரும் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

ஆசீர்வாதம் ரெஜிஸ்டரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

"பதினான்கு வருடமாக ஸ்டோரில் இருக்கிறேன்" என்றார் மெதுவாக. "கட்டம் காலியாக இருந்தால், பொருளைத் தேடுவோம். தேடினால் ஒருநாள் கிடைத்துவிடும். தப்பாக எழுதி நிரப்பிவிட்டால் யாருமே தேட மாட்டார்கள். அது காலிக் கட்டத்தைவிட மோசம். இது தெரிந்த நானே உங்களைத் தப்பாக எழுத வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது."

சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். டெக்சாஸை அழித்தார். ஒஹாயோவை, ஃபுளோரிடாவை, எட்டு ஊர்களையும் ஒன்றுவிடாமல் அழித்தார். கடைசியில், எப்சியின் கட்டத்தில் தனியாக நின்ற 'சா'வின் மேல் ரப்பரை வைத்தார். ஒரு கணம் கை தயங்கியது. அதையும் அழித்தார். தூளை ஊதிவிட்டார்.

நிமிர்ந்தபோதுதான் கதவோரம் நின்ற டெரிக்கை அவர் கண்டார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடுவாரோ என்று எப்சி பயந்தாள். அவர் ஓடவில்லை. ரெஜிஸ்டரைத் தூக்கி, டெரிக் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உன் பெயரை நான் அடிக்கவில்லை, தம்பி. வர வேண்டிய பொருள் தாமதமானால் பெயரை அடிப்பது ஸ்டோரில் வழக்கமில்லை" என்றார். "உன்னை நிற்கவைத்து அத்தனை முறை கேட்டது பெரிய தப்பு. இனிமேல் கேட்க மாட்டேன்."

டெரிக் உள்ளே வந்தான். மேஜை வரைக்கும் வந்து, குனிந்து ரெஜிஸ்டரைப் பார்த்தான். பத்துப் பெயர்கள் இருந்தன. பெயருக்கு நேராக, மேலிருந்து கீழ்வரை பத்துக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அவன் கட்டம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவன் உதட்டோரம் லேசாக வளைந்தது.

"இவர்கள் எல்லாரும் என் ஊர்க்காரர்களா?" என்று கேட்டான்.

முதலில் சிரித்தது ஆசீர்வாதம்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது.

"ஊர்க்காரனுக்கு ஒரு பேட் கொடுங்கப்பா!" என்று ட்ரேஸி தன் பழைய குரலில் கத்தினாள். டேபிள் டென்னிஸ் மேஜையை நான்கு பேர் இழுத்துப் போட்டார்கள். அன்று ஆட்டம் முடியவே இல்லை. ஆறு மணிக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று முறை கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை தட்டியபோது அவர்கள் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது.

"ஏட்டி எப்சி."

"என்னப்பா?"

"ஒரு சதவீதம்கூடவா சாயர்புரம் இல்லை?"

அப்பாவுக்கு இன்னும் வலிக்கிறது என்று எப்சிக்குப் புரிந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஜூலைல லீவுக்குப் போறோம்லா? இந்தத் தடவை நீங்க என்னைத் தெருத்தெருவாக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"காட்டுதேன், காட்டுதேன். நான் படிச்ச, நீ படிக்காத பள்ளிக்கூடத்தைக்கூடக் காட்டுதேன்" என்றார் அப்பா. சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு பாக்கெட் பிஸ்கட் சேத்து வாங்கணும். அந்தப் பையன் நல்லாச் சாப்பிடுதான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்று அப்பா சொன்னது எப்சியின் காதில் நன்றாக விழுந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.